அம்மா படிக்காமல் போட்ட கையெழுத்து

அம்மா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். உங்களில் பாதிப் பேர் கோபிச்செட்டிபாளையத்திலும் ஈரோட்டிலும் அம்மாவை இளவயதிலிருந்தே அறிந்தவர்கள். மீதிப் பேர் இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் அவருடைய கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் பழகியவர்கள். முதல் பாதியினருக்கு அம்மா ஓயாமல் பேசுகிறவர். இரண்டாம் பாதியினருக்கு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். இரண்டும் ஒரே ஆள்தானா என்ற சந்தேகம் யாருக்கும் வராதபடி எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இதே நாட்டின் மறுகோடியில், சான் ரமோனில் இருக்கும் தம்பி, "அக்கா, நீயே எழுதிடு. நான் எழுதினா ரெஸ்யூமே மாதிரி வரும்" என்று சொல்லிக் கழன்றுகொண்டான்.

நான் எழுத ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. குடும்பத்தில் யாருக்கும் தெரியாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது கோபிக்கு அருகே, வாய்க்கால் பாசனத்தில் நெல் விளையும் ஒரு சிற்றூரில். வீட்டில் இரண்டு பெண்கள். அம்மா மூத்தவர். அவருக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது தாயார் காலமானார். அன்றிலிருந்து ஏழு வயதுத் தங்கைக்கு, அதாவது எங்கள் சித்திக்கு, தலை வாரிவிட்டு, பாடம் சொல்லிக்கொடுத்து, பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் அம்மாதான். சித்தி பின்னாளில் பள்ளி ஆசிரியை ஆனார். திருமணம் செய்துகொள்ளவில்லை. "என்னை வளத்தது எங்கக்கா. அதுக்கு மேல எனக்கு எந்தக் குடும்பமும் வேண்டாம்" என்று அவர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் அம்மாவுக்குத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் டிரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலம் அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு ஊர்களையும் பிளக்கால் இணைத்து, "பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்று சொல்வது அம்மாவின் வேலை. ஊரில் யாருக்கு எந்த ஊரிலிருந்து என்ன சேதி வந்தது என்பது, வீட்டாருக்குத் தெரியும் முன்பே ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும். அப்படித்தான் ஒரு நாள், அவர்கள் தெருவிலேயே நிச்சயமாகியிருந்த ஒரு திருமணம் நின்றுபோன சேதி அம்மாவின் காது வழியாகப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்தவரின் முகத்தைப் பார்த்துச் சித்தி என்னவென்று கேட்டிருக்கிறார். அம்மா, "சொல்றதுக்கில்ல கண்ணு" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தலைவலி என்று ஒரு சாக்குச் சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. நாள் முழுதும் ஊர்க்கதை பேசக்கூடிய அம்மா, எக்ஸ்சேஞ்சில் கேட்டதில் ஒரு சொல்லைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. பேச்சு வேறு, வெளியில் விடக்கூடாதது வேறு என்று அவருக்குள் ஏதோ ஒரு தடுப்பு இருந்தது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் கிளார்க். சாதுவானவர். நான் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும்போது மாரடைப்பில் போய்விட்டார். தம்பி அப்போது பத்தாம் வகுப்பு. அம்மா ஷிப்ட் மாறி மாறி வேலை பார்த்து எங்கள் இருவரையும் கரை சேர்த்தார். எக்ஸ்சேஞ்ச் தானியங்கியாக மாறி ஆபரேட்டர்கள் தேவையில்லை என்றானபோது, அம்மாவைப் பில் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். அங்கேயும் பேசிக்கொண்டேதான் இருந்தார் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு பழக்கம் மட்டும் கடைசிவரை மாறவில்லை. எந்தத் தாளாக இருந்தாலும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். எங்கள் பள்ளி மதிப்பெண் அட்டையைக்கூட, பின்பக்கம் அச்சடித்திருந்த விதிமுறைகள் உட்பட முழுதும் படித்த பெற்றோர் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

ஓய்வு பெற்றபின், கிரீன் கார்டு வாங்கி அம்மாவை இங்கே அழைத்துவந்தேன். வந்த புதிதில் அவர் பட்ட பாடு பேச்சுத் துணை இல்லாததுதான். நானும் என் கணவரும் காலையில் ரயிலைப் பிடிக்க ஓடுவோம். தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காது. "இந்த ஊர்ல மனுசங்க எல்லாம் காருக்குள்ளயே குடியிருக்கறாங்க அம்மிணி" என்று சொன்னார். எனக்குக் குற்றவுணர்வாக இருந்தது. ஆனால் செய்வதற்கு ஒன்றும் தெரியவில்லை.

ஒரு நாள் காய்கறி வாங்கப் போகும் வழியில், மரங்களுக்கு நடுவே இருந்த பழைய கல் கட்டடம் ஒன்றின் வாசலில் ஒரு பலகையை அம்மா படித்தார். 'ஃப்ரெண்ட்ஸ் மீட்டிங். எல்லோரும் வரலாம். ஞாயிறு காலை.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சினேகிதம் பிடித்துக்கொள்ள ஒரு கூட்டம் நடத்துகிறார்கள், அதுவும் எல்லோரும் வரலாமாம். எனக்கும் அது முதியோர் கிளப் என்றுதான் தோன்றியது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல புடவை கட்டி, ஒரு டப்பா நிறைய முறுக்கு எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் வாசலில் இறக்கிவிட்டுவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்து ஏற்றிக்கொண்டேன். அம்மா காரில் ஏறி உட்கார்ந்து அந்தக் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?" என்று கேட்டேன்.

"பாவம் அம்மிணி. அவிய தலைவர் கடைசிவரைக்கும் வரவே இல்ல."

"என்னது?"

"முப்பது பேரு பெஞ்சில உக்காந்து காத்துட்டே இருந்தாங்க. ஒருத்தர் வாயத் தொறக்கல. ஒரு மணி நேரம் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தருக்கொருத்தர் கை குடுத்துட்டு எந்திரிச்சுட்டாங்க. ஒருத்தருக்குக்கூடக் கோவம் வரல. நம்மூரா இருந்தா நாற்காலி பறந்திருக்கும்."

முறுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கூட்டம் முடிந்ததும் காப்பி கொடுத்தார்களாம். முறுக்கு ஐந்து நிமிடத்தில் காலியாம். அடுத்த வாரமாவது அந்தத் தலைவர் வருகிறாரா என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி மறுபடியும் போனார். அப்போதுதான் மார்த்தா என்ற பெண்மணி அம்மாவின் அருகில் வந்து உட்கார்ந்து விஷயத்தை விளக்கியிருக்கிறார். இது கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவினரான குவேக்கர்களின் வழிபாடு. தங்களை அவர்கள் 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொள்வார்கள். பூசாரி கிடையாது, பிரசங்கம் கிடையாது. ஒவ்வொரு மனிதருக்குள்ளும் கடவுளின் வெளிச்சம் இருக்கிறது, அதற்கு இடைத்தரகர் வேண்டாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் சும்மா உட்கார்ந்து கேட்பார்கள். உள்ளிருந்து யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால் எழுந்து சொல்லலாம். தோன்றாவிட்டால் ஒரு மணி நேரமும் மௌனம்தான்.

மார்த்தாதான் அந்தக் கூட்டத்தின் பொறுப்பாளர். அந்தப் பதவிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் கிளார்க். அம்மாவுக்கு இதில் ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. "அங்க இருக்கறதுலயே பெரிய பதவி கிளார்க்குதானாமா. உங்கப்பா இருந்திருந்தா நெஞ்ச நிமித்திட்டு நடந்திருப்பாரு" என்று என்னிடம் சொன்னதோடு நிற்காமல், ஊரில் எல்லோருக்கும் போன் போட்டும் சொன்னார்.

இதைக் கேட்ட உறவினர் சிலர், அம்மா மதம் மாறிவிட்டாரா என்று என்னிடம் இரகசியமாக விசாரித்தார்கள். அம்மாவிடமே நேராகக் கேட்டவர் சித்தி ஒருவர்தான். அதற்கு அம்மா, "மாறறதுக்கு அங்க யாரும் எதும் சொல்லவே இல்லையே. எல்லாரும் சும்மாதான உக்காந்திருக்கறாங்க" என்றார். வெள்ளிக்கிழமை விளக்கு, முருகன் படம், நெற்றியில் திருநீறு எல்லாம் அப்படியே இருந்தன. அம்மா அங்கே உறுப்பினராகச் சேரவில்லை. கடைசிவரை வந்துபோகிறவராகவே இருந்தார். அவர்களும் சேரச் சொல்லிக் கேட்கவில்லை.

அவர்களுடைய வரலாற்றை அம்மா நூலகப் புத்தகங்களிலிருந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தார். முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறார்கள். இங்கிலாந்தில் தொடங்கியபோது, பிரபுக்களுக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற மாட்டோம், எல்லா மனிதரும் சமம் என்று சொல்லிச் சிறைக்குப் போனவர்கள். போரில் ஆயுதம் எடுக்க மாட்டார்கள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்யவும் மாட்டார்கள். இந்தக் கடைசி விஷயம் எனக்கு விளங்கவில்லை. அம்மா விளக்கினார்: "கோர்ட்டுல மட்டும் சத்தியம் பண்ணி உண்மை பேசறேன்னா, மத்த நேரமெல்லாம் பொய் பேசறேன்னு ஆகுதில்ல? எப்பவும் ஒரே மாதிரி பேசறவங்களுக்குச் சத்தியம் எதுக்கு?"

ஆனால் அவர்களும் தவறு செய்தவர்கள்தாம் என்பதை அம்மா மறைக்கவில்லை. இதே நியூ ஜெர்சியில் அந்தக் காலத்துக் குவேக்கர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்திருக்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே ஒரு தையற்காரர், அடிமை வைத்திருந்தவர்களின் வீடுகளுக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து போய், எதிரே உட்கார்ந்து, இது சரியா என்று கேட்டிருக்கிறார். பிறகுதான் எல்லோரும் மெல்ல மனம் மாறினார்கள். "கத்தல, திட்டல. எதிர்ல போயி உக்காந்திருக்காரு அம்மிணி. அவிய தானா வெக்கப்பட்டுட்டாங்க" என்றார் அம்மா. அன்று நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்களுடைய பொறுமையைப் பார்த்து எனக்கு எரிச்சல்கூட வந்திருக்கிறது. அவர்கள் ஓட்டெடுப்பே நடத்துவதில்லை. எல்லோர் மனமும் ஒத்துவரும்வரை பேசுவார்கள். கூடத்தில் வெயிலுக்குத் திரை போடலாமா என்பதை ஆறு மாதம் பேசினார்கள். அலுவலகத்தில் அரை மணி நேரத்தில் பதினைந்து முடிவு எடுக்கிற எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. அம்மாவோ ஒவ்வொரு மாதமும் ஆர்வமாகப் போய்வந்து, திரை எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்குச் சேதி சொல்வார்.

இத்தனை ஆண்டுகளில் அந்த மௌனக் கூட்டத்தில் அம்மா எழுந்து பேசியது ஒரே ஒரு முறை. எக்ஸ்சேஞ்சில் கற்ற ஆங்கிலத்தில் அவர் சொன்னதை மார்த்தா எனக்குத் திருப்பிச் சொன்னார். டிரங்க் கால் இணைத்தபின் சில சமயம் இரண்டு பக்கமும் சத்தமே வராது. புது ஆபரேட்டர்கள் லைன் அறுந்துவிட்டது என்று பிளக்கை எடுத்துவிடுவார்கள். எடுக்கக் கூடாது. சேதி கேட்டு அந்தப் பக்கம் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு அம்மா உட்கார்ந்துவிட்டாராம்.

இனி, நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் சித்திக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து நடமாட்டம் குறைந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், அதன்பின் பல மாதம் கூடவே ஆள் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா ஓராண்டு போய் இருக்க விரும்பினார். ஆனால் கிரீன் கார்டில் இருப்பவர்கள் அவ்வளவு காலம் வெளிநாட்டில் தங்கினால் திரும்பி வருவதில் சிக்கல் வரும். முன்பொரு முறை ஆறு மாதம் தங்கிவிட்டு வந்தபோதே விமான நிலையத்தில் அதிகாரி எச்சரித்திருந்தார். குடியுரிமை வாங்கிவிட்டால் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம். ஆகவே விண்ணப்பிக்க முடிவு செய்தோம். படிவம் நிரப்புவதில் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி. மடிக்கணினியில் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்க, அம்மா பதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அதில் ஒரு கேள்வி. சட்டம் கோரினால் அமெரிக்காவுக்காக ஆயுதம் ஏந்தத் தயாரா?

"இல்லைன்னு போடு அம்மிணி."

"அம்மா, இது சும்மா ஃபார்மாலிட்டி. எல்லாரும் யெஸ்தான் போடுவாங்க. அறுபத்தெட்டு வயசுல உங்க கையில யாரு துப்பாக்கி குடுக்கப் போறா?"

"குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுட்டே எடுத்துக்கறேன்னு சொன்னா, அது இன்னும் பெரிய பொய்யில்ல?"

நான் வாதாடினேன். தம்பியும் ஸ்பீக்கரில் வந்து, "அம்மா, ப்ளீஸ். ரிஜெக்ட் பண்ணிட்டாங்கன்னா மறுபடியும் அப்ளை பண்ணணும். சித்தி சர்ஜரிக்கு நீங்க போகவே முடியாது" என்றான். அம்மா அசையவில்லை. "கேக்கறதுக்குப் பதில் சொல்றேன். அவ்வளவுதான்" என்றார். நான் சரி என்றேன். அம்மா சமையலறைக்குப் போனார். நான் யெஸ் என்ற கட்டத்தைக் குறித்தேன்.

மறுநாள் காலை தாள்களை அச்சடித்து மேசையில் வைத்தேன். அம்மா கண்ணாடியைத் தேடினார். எனக்கு ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் கண்ணாடியைக் கண்டுபிடிக்கும் முன் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். "நான் சொன்னபடிதான எழுதியிருக்கே?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அம்மா நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். என் நினைவுக்குத் தெரிந்து அவர் படிக்காமல் கையெழுத்திட்ட தாள் அது ஒன்றுதான்.

நேர்காணல் நாளன்று நான் வெளியே காத்திருந்தேன். உள்ளே நடந்ததை அம்மாதான் பிறகு காரில் சொன்னார். தொடக்கத்தில் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்யச் சொன்னபோது, சத்தியம் செய்வதில்லை, உறுதி சொல்கிறேன் என்றிருக்கிறார். அதற்குச் சட்டத்திலேயே இடம் உண்டு. அதிகாரியாக இருந்த பெண்மணி மரியாதையோடு ஏற்றுக்கொண்டார். பிறகு படிவத்திலிருந்து கேள்விகளை வாசித்துக்கொண்டே அந்தக் கேள்விக்கு வந்தார். அம்மா 'நோ' என்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் யெஸ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே" என்று தாளைத் திருப்பிக் காட்டியிருக்கிறார்.

அம்மா அதைப் படித்தார். பிறகு, "கையெழுத்து என்னுடையது. நான் படிக்காமல் போட்டேன். அது என் தவறு. என் பதில் நோ" என்று சொல்லியிருக்கிறார். என் பெயரை எடுக்கவில்லை. அதிகாரி சிவப்பு மையால் திருத்திவிட்டு, எழுதியதும் சொல்வதும் வேறாக இருப்பதால் இதை விசாரித்துத்தான் முடிவு செய்ய முடியும், காரணத்தை விளக்கி எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "வண்டிய எடு அம்மிணி" என்றார் அம்மா. இதையெல்லாம் குரலை உயர்த்தாமல் சொல்லி முடித்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திட்டுக்காகக் காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும். வெகுதூரம் வந்தபின் அம்மா, "பயந்துதான் பண்ணியிருக்கே. தெரியுது. நான் கேட்டப்ப ஆமான்னு சொன்னியே, அதுதான்..." என்று ஆரம்பித்தார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. அன்று மட்டுமல்ல, என்றைக்குமே முடிக்கவில்லை.

அந்தப் படிவத்தோடு தரும் விளக்கக் குறிப்பை நான் அப்புறம்தான் படித்தேன். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராதவர்களுக்கு உறுதிமொழியில் அந்த வரியை விட்டுவிட வழி இருக்கிறது. முன்பே 'நோ' என்று போட்டுக் காரணமும் எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்க வாய்ப்பு உண்டு. தங்கள் கூட்டத்தில் இரண்டு பேருக்கு அப்படித்தான் முடிந்தது என்று மார்த்தா சொன்னார். வாழ்நாளெல்லாம் அச்சடித்ததைப் படித்த அம்மா படிக்காததும், கெட்டிக்காரியான நான் படிக்காததும் ஒரே தாளில் நேர்ந்தன.

முடிவு வர எட்டு மாதம் ஆயிற்று. எந்த நாளும் மறு அழைப்பு வரலாம், வரும்போது ஆள் இல்லாவிட்டால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும் என்ற பயத்தில் அம்மாவால் இடையில் ஊருக்கும் போக முடியவில்லை. சித்தியின் அறுவைச் சிகிச்சை அம்மா இல்லாமலே நடந்தது. அப்போது குடும்ப வாட்ஸப் குழுவில் நீங்கள் பேசியது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு யெஸ் சொல்ல என்ன கேடு என்றீர்கள். வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து புத்தி கெட்டுவிட்டது என்றீர்கள். சொன்னவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. நீங்கள் அறிந்திருந்தது அவ்வளவுதான்.

ஆனால் ஒரு காலை வேளை மட்டும் என் நெஞ்சை விட்டுப் போகவில்லை. சித்தி மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அழைத்திருந்தார். அம்மா போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். நான் அடுப்பருகே நின்றிருந்தேன்.

"உனக்கு உன்ற வார்த்தை பெருசாப் போச்சு. நான் பெருசில்ல. அப்படித்தானக்கா?" என்றார் சித்தி.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. ஒருமுறைகூடத் திரும்பவில்லை. "நீ பேசு கண்ணு. நான் கேட்டுட்டுத்தான் இருக்கறேன்" என்றார். அந்தப் பெரிய பழியை, தான் வளர்த்த தங்கையின் வாயிலிருந்தே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொய்யாக ஒரு காரணமும் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால் பழி என்மேல் விழும் என்பதால் அதையும் சொல்லவில்லை. தோசை கருகியது. நான் வாய் திறக்கவில்லை.

பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அம்மா எழுதிய இரண்டு பக்க விளக்கமும் மார்த்தா எழுதிக்கொடுத்த கடிதமும் ஏற்கப்பட்டன. குடியுரிமை ஏற்பு விழா அரங்கில் எல்லோரும் நீண்ட உறுதிமொழி சொல்ல, அம்மா, ஆயுதம் பற்றிய வரியை நீக்கித் தனக்குக் கொடுத்த தாளைப் பார்த்துத் தனக்குரியதை மட்டும் சொன்னார். அந்தத் தாளை முந்தின நாள் மூன்று முறை படித்திருந்தார். புதுப் பாஸ்போர்ட்டும் விசாவும் கைக்கு வந்த மறுவாரமே விமானம் ஏறி, பதினான்கு மாதம் சித்தியுடன் இருந்தார். சித்தி நடந்தார். இருவரும் கோயிலுக்குப் போனார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள், தொலைக்காட்சித் தொடர் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அம்மா, சித்தியையும் எதிர் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவாராம். "ஒரு மணி நேரம் சும்மா உக்கார வெச்சு உசுர எடுக்கறா உங்கம்மா" என்று சித்தி என்னிடம் புகார் செய்வார். ஒரு வாரமும் தவறாமல் உட்கார்ந்தார் என்பதையும் அவரே சொன்னார். என் வாழ்வில் நான் பார்த்த மிகச் சந்தோஷமான புகைப்படங்கள் அந்தப் பதினான்கு மாதத்தில் வந்தவை. இந்த மலரின் அட்டையில் இருப்பதும் அவற்றில் ஒன்று.

சென்ற ஆண்டு தொடக்கத்தில் அம்மாவின் இதயம் பலவீனமாகிவிட்டது என்று தெரிந்தது. மருத்துவமனை வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றார். கடைசி மூன்று வாரமும் பெரிய வலி இல்லை. குவேக்கர் நண்பர்கள் முறை வைத்துக்கொண்டு வந்து, கட்டிலருகே பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். ஒரு பிற்பகலில் நான் தனியாக இருந்தபோது, "அம்மா, அந்தப் படிவ விஷயத்தை நான் சித்திகிட்ட சொல்லிடட்டுமா?" என்று கேட்டேன். அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "அது உன்ற சேதி அம்மிணி. நான் சொல்றதுக்கில்ல" என்றார். பிறகு மோர் கேட்டார். நான்கு நாள் கழித்து, விடிந்து நல்ல வெளிச்சம் வந்தபின், தூக்கத்திலேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

இறுதிச் சடங்குகளைத் தம்பி நம் முறைப்படி செய்தான். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, அந்தக் கல் கட்டடத்தில் அம்மாவுக்காக நினைவுக் கூட்டம் நடந்தது. பெஞ்சுகளில் நாங்களும் அவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தோம். பத்து நிமிடம் ஆனதும் தம்பி என் காதருகே குனிந்து, "எப்ப ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்றான்.

"ஸ்டார்ட் ஆயிடுச்சுடா" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அன்று எழுந்து இதையெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போயிருந்தேன். கடைசிவரை உட்கார்ந்தே இருந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அச்சுக்கு அனுப்பும் முன் சித்தியை அழைத்தேன். அவருக்கு அச்சில் தெரியவருவது முறையல்ல என்று பட்டது. படிவத்திலிருந்து ஸ்பீக்கர் போன்வரை எல்லாவற்றையும் சொன்னேன். "அம்மா அவங்க வார்த்தையில நின்னதால தாமதம் ஆகல சித்தி. நான் அதை மாத்தி எழுதினதால ஆச்சு. நீங்க அம்மாவைப் பேசினப்ப நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழைப்பு துண்டித்துவிட்டது என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. மறுபடி காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "லைன்ல இருக்கீங்களா சித்தி?" என்றேன்.

"இருக்கறேன் அம்மிணி. வெச்சுராத. உங்ககூடக் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருக்கறேன்" என்றார். உங்ககூட என்று அவர் பன்மையில் சொன்னது என்னையும் அம்மாவையும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவின் கடைசி நாட்களில் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்த வெஸ்ட் வின்ட்சர் தமிழ்க் குடும்பங்களுக்கும், இரவு பகல் பாராமல் வந்து கவனித்த செவிலியர்களுக்கும், கட்டிலருகே உட்கார்ந்த குவேக்கர் நண்பர்களுக்கும், கடிதம் எழுதிக்கொடுத்த மார்த்தாவுக்கும், சித்தியை அந்த எட்டு மாதம் பார்த்துக்கொண்ட கோபி உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த உறவினர்களிடம் நன்றியோடு மன்னிப்பும் கேட்கிறேன். அம்மாவைத் தவறாக எண்ணியிருந்தவர்கள் இன்றைக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்துப் பார்த்துவிட்டேன். நடந்தபடிதான் எழுதியிருக்கிறேன், அம்மா.

இப்படிக்கு,
மகள்
வெஸ்ட் வின்ட்சர், நியூ ஜெர்சி